தொடர்வதா, திரும்பத் தொடங்குவதா, தாவிவிடுவதா: ஒரு முற்றுகையின் எட்டு இரவுகள்

சம்பா நடவு முடிந்து முதல் மேலுரம் போடுகிற வாரங்களில் உரக்கடைக்காரனுக்கு உட்கார நேரம் கிடைக்காது. நீடாமங்கலத்தில் கடையை எட்டரைக்கு அடைத்து, கணக்கை முடித்து, சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியைத் திறக்கும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். பதினொன்றுக்குப் படுத்தால்தான் காலையில் லாரி வரும்போது எழ முடியும். நாள் முழுவதிலும் எனக்கென்று மிஞ்சுவது அந்த ஒன்றரை மணி நேரம். போன ஐப்பசியில் அதை எட்டு இரவுகள் ஒரு கணினி விளையாட்டின் ஒரே கட்டத்தில் கொட்டினேன்.

விளையாட்டு 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. முதலில் 1999இல் வந்தது. நான் விளையாடுவது 2019இல் புதுப்பித்து வெளியிட்ட 'டெஃபினிட்டிவ் எடிஷன்'. 2022இல் வந்த இணைப்பில் திராவிடர் என்ற நாகரிகத்தையும் ராஜேந்திர சோழன் பெயரில் கதையாகத் தொடரும் கட்டங்கள் கொண்ட ஒரு தொடரையும் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துதான் இதை வாங்கினேன். கும்பகோணம் வழியாகப் போய் அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டினால் கங்கைகொண்டசோழபுரம். அந்த ஊரைக் கட்டியவன் பெயர் திரையில் வரும்போது எங்கள் பகுதிக்காரர்களுக்கு வருகிற உணர்ச்சியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்தத் தொடரை முடித்துவிட்டுப் பழைய ஐரோப்பியத் தொடர்களுக்குப் போனேன். மாட்டிக்கொண்டது அங்கே.

கட்டத்தின் அமைப்பு இதுதான். மூன்று எதிரி நகரங்கள். நடுவில் ஓர் ஆறு, அதை இறங்கிக் கடக்க இரண்டே துறைகள். நகரங்களுக்குக் கல்மதில், மதிலுக்குள் கோட்டைகள். என் பக்கத்தில் விளைச்சலுக்குக் குறைவில்லை, மரம் மலைபோல் குவிந்திருந்தது, தங்கம் மட்டும் தீர்ந்துகொண்டே வந்தது. நான்காவது இரவுக்குள் ஒன்று தெளிவாகிவிட்டது. நான் தோற்கப் போவதில்லை, ஜெயிக்கவும் போவதில்லை. ஒவ்வொரு முறையும், மதிலை இடிக்கக் கல் எறியும் ஐந்து கவண்பொறிகளைத் துறையில் இறக்குவேன். ஒரு கோபுரம் விழும். அதற்குள் இரண்டாவது நகரத்திலிருந்து குதிரைப்படை வந்து ஐந்தையும் அடித்துவிட்டுப் போகும். மறுபடி தங்கம் சேர்க்க இருபது நிமிடம்.

அக்காள் மகன் தஞ்சாவூரில் பொறியியல் படிக்கிறான். இந்த விளையாட்டை எனக்குப் பழக்கிவிட்டவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டான்: "மாமா, இன்னும் அந்தக் கட்டத்திலேயா இருக்கிறீர்கள்? சீட் கோடு ஒன்றை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வேலைக்குப் போய்வந்து மறுபடி ஒரு வேலை எதற்கு?"

சீட் கோடு என்றால் விளையாட்டுக்குள்ளேயே தட்டுகிற ஒரு குறுக்குவழிச் சொல், தட்டினால் பொருளோ வெற்றியோ சும்மா கிடைக்கும். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடத்தான் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்த்தேன். இதே இடத்தில் நிற்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் சொல்லும் எண்களும் விசைகளும் இந்த விளையாட்டுக்குரியவை. ஊர் கட்டி, படை திரட்டி, எதிரியின் ஊரை முற்றுகையிடுகிற எந்த விளையாட்டுக்கும் கணக்கு ஏறக்குறைய இதுவே.

வழியைத் தேர்வதற்கு முன்னால் சலிப்பு எந்த வகை என்று பார்க்க வேண்டும். நோய் தெரியாமல் மருந்து கேட்டு வருகிறவர்களைக் கடையில் தினமும் பார்க்கிறேன். இலை மஞ்சளாகிவிட்டது, யூரியா கொடுங்கள் என்பார்கள். மஞ்சளுக்குக் காரணம் தழைச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம், துத்தநாகக் குறைவாகவும் இருக்கலாம், வயலில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சு விட முடியாததாகவும் இருக்கலாம். விளையாட்டிலும் அப்படியே. பொருள் சேரும்வரை காத்திருப்பதால் வரும் சலிப்பு ஒன்று. கை ஓயாமல் ஒரே வேலையைச் செய்வதால் வருவது வேறு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோற்பதால் வருவது இன்னொன்று. சண்டை ஏற்கெனவே தீர்ந்துபோய், துடைத்து முடிக்கிற வேலை மட்டும் மிஞ்சும்போது வருவது நான்காவது. நான்குக்கும் அடியில் ஒரே காரணம் இருப்பதாக இப்போது நினைக்கிறேன்: நான் முடிவு செய்ய வேண்டியது எதுவும் அங்கே இல்லை. வேலை நீளமாக இருப்பது மட்டும் சலிப்பைத் தராது. முதல் ஒரு மணி நேரத்தில் நூறு சின்னச் சின்ன வேலைகள் இருக்கின்றன, ஒன்றும் அலுக்கவில்லை. காட்டை முதலில் வெட்டுவதா, வயலை முதலில் போடுவதா, துறையில் கோபுரம் வைப்பதா, கல்லைச் சேர்த்துக் கோட்டை எழுப்புவதா என்று ஒவ்வொரு நிமிடமும் என் முடிவில் நின்றது. நான்காவது இரவில் அப்படி எதுவும் மிச்சமில்லை.

ஆகவே எந்த வழியையும் நான் ஒரே கேள்வியால்தான் அளந்தேன். இது எனக்கு முடிவெடுக்கும் இடத்தைத் திருப்பித் தருகிறதா?

முதலில் எல்லோரும் கை வைப்பது வேகத்தில்தான். நான் வைத்திருந்தது நார்மல், அதாவது 1.7 மடங்கு. ஃபாஸ்ட் என்றால் 2.0. கேட்கும்போது பெரிதாகத் தோன்றும். கணக்குப் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் மிச்சமாவது சுமார் 13 நிமிடம். காத்திருப்புக்கு அது கொஞ்சம் உதவும். சண்டை நடக்கும்போது கேடு செய்யும், குதிரைப்படை வருவதைப் பார்த்து ஈட்டிக்காரர்களைத் திருப்புவதற்குள் பொறிகள் போய்விடும். தங்கம் சேரும் நேரத்தில் வேகத்தைக் கூட்டி, துறையில் இறங்கும்போது குறைத்துக்கொண்டேன். அந்த அளவுக்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

யூடியூபில் வேறொருவர் அதே கட்டத்தை ஆடி முடிக்கும் காணொளியைப் பார்ப்பது அடுத்த வழி. பத்து நிமிடம் பார்த்து நிறுத்தினேன். அவர் நன்றாக ஆடினார், எதிரியின் முதல் தாக்குதல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது அந்தப் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்கு மேல் பார்த்திருந்தால் முடிவுகள் எல்லாம் அவருடையவை, விசை தட்டுகிற வேலை மட்டும் என்னுடையது என்றாகியிருக்கும். வழி தெரியாமல் ஒரே இடத்தில் தோற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு இது நல்ல துணை. என் நிலைமைக்கு அல்ல. எனக்கு வழி தெரிந்திருந்தது, நடக்கத்தான் தெம்பில்லை.

கடின நிலையைக் குறைப்பதைப் பற்றி ஒரு சொல் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அதில் எந்த அவமானமும் இல்லை. வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் நடு நிலையில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. ஆனால் அது எந்தச் சலிப்புக்கு மருந்து என்பதை அறிந்து எடுக்க வேண்டும். எதிரி தாங்கமுடியாத வேகத்தில் வருகிறான், மூன்று முறை ஊரே அழிந்தது என்றால் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். எதிரி உங்களை அசைக்கவே முடியவில்லை, மதில்தான் நீளம் என்றால், குறைத்தாலும் மதில் அப்படியேதான் நிற்கும், ஆறும் தூரமும் மாறப்போவதில்லை. அதோடு, தொடக்கத்தில் தேர்ந்த நிலையிலேயே சேமித்த ஆட்டமும் நடக்கிறது. குறைக்க வேண்டும் என்றால் முதலிலிருந்து ஆட வேண்டும். திரும்பத் தொடங்குவது என்று ஆகிவிட்ட பிறகு, குறைப்பதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்விதான்.

இனி, இருக்கிற ஆட்டத்தை விடாமல் ஒழுங்குபடுத்தித் தொடர்வது. ஐந்தாவது இரவிலும் ஆறாவது இரவிலும் இதைத்தான் செய்தேன். இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கைவேலையைக் குறைப்பதிலிருந்து தொடங்கினேன். ஒரு வயல் போட 60 மரம், அடிப்படை மேம்பாடு எதுவும் செய்யாவிட்டால் அதிலிருந்து 175 உணவு கிடைக்கும், பிறகு தரிசாகிவிடும். முதல் பதிப்பில் ஒவ்வொன்றையும் மறுபடி போட வேண்டியிருந்தது. இப்போது ஆலையில் ஒரு பொத்தானை அழுத்தினால் மரம் இருக்கும்வரை வயல்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். நான் அதை அழுத்தாமலேயே நான்கு இரவுகள் ஆடியிருக்கிறேன். வேலையின்றி நிற்கும் குடியானவனைத் தேட விசைப்பலகையில் புள்ளி விசையை அழுத்தினால் போதும், திரை நேராக அவனிடம் போகும். படைகளைத் தனித்தனிக் குழுவாக்கி கன்ட்ரோல் விசையோடு 1, 2, 3 என்று எண் கொடுத்துவிட்டால் அப்புறம் அந்த எண்ணை அழுத்தினால் போதும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு கட்டளையிட்டால் ஒரே குடியானவனுக்கு ஐந்து வேலைகளை வரிசையாகச் சொல்லிவைக்கலாம். சிறு வசதிகள்தான். ஆனால் இவை சேர்ந்தபோது ஊரைக் கவனிக்க எடுத்த நேரம் பாதிக்கு மேல் குறைந்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் எங்கள் ஊர்த் தலைப்பைப் பார்த்து வந்தது. தலைப்பு என்றால் ஆற்றுத் தண்ணீரைப் பிரித்துவிடும் இடம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாறு அங்கே பிரிந்து பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் போகிறது. தண்ணீர் தாராளமாக வரும்போது மூன்றிலும் விடலாம். குறைவாக வரும் ஆண்டில் மூன்றிலும் ஒரே நேரத்தில் விட்டால் எதுவும் கடைமடை போய்ச் சேராது. அப்போது முறை வைப்பார்கள். இத்தனை நாள் இந்த ஆறு, அடுத்த இத்தனை நாள் அந்த ஆறு. நான் செய்துகொண்டிருந்தது முறை இல்லாத பாசனம். மூன்று நகரங்களையும் ஒரே இரவில் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருந்தேன், எதிரி ஒவ்வொன்றையும் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான். ஐந்தாவது இரவில் முறை வைத்தேன். இன்று கிழக்கு நகரம் மட்டும். மேற்குத் துறையின் கரையில் மதில் எழுப்பி அடைத்துவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததை நெருங்கிப் பார்த்தால் இப்படி. நான்கு கவண்பொறிகள் துறையின் சேற்று நிறத் தண்ணீரைக் கடந்து கரையேறுகின்றன. டிரெபுஷே என்று விளையாட்டில் பெயர், ஒன்றுக்கு 200 மரமும் 200 தங்கமும் ஆகும். மடக்கிய நிலையில்தான் நகரும், விரித்தால்தான் எறியும். ஒவ்வொன்றாக விரிகிறது, நீண்ட கை மேலே எழுகிறது. அதன் கல் எட்டும் தூரம் தரையில் 16 சதுரங்கள். எதிரிக் கோட்டையின் அம்புக்கு 8, அம்பு மேம்பாடுகள் எல்லாம் செய்திருந்தாலும் பொதுவாக 11. ஆகவே கோட்டையால் இவற்றைத் தொட முடியாது. வெளியே வந்து தொட வேண்டும். வந்தார்கள். இந்த முறை பொறிகளுக்கு முன்னால் ஈட்டிக்காரர்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு குடியானவர்கள், அடிபட்ட பொறியைச் செப்பனிட. முதல் கல் கோட்டையின் இடது மூலையில் விழுந்து புழுதி கிளம்பியபோது, நாட்கணக்கில் இல்லாத ஓர் ஆர்வம் திரும்பியது. ஏனென்றால் பொறியை எங்கே நிறுத்துவது, ஈட்டிக்காரர்களை எந்தப் பக்கம் திருப்புவது என்பது மறுபடி என் முடிவில் இருந்தது.

கிழக்கு நகரத்தின் முதல் கோட்டை விழுந்தது. ஆறாவது இரவில் தங்கம் முற்றாகத் தீர்ந்தது.

இங்கேதான் அந்தக் கட்டத்தின் உண்மையான முடிச்சு இருந்தது. சந்தையில் மரத்தை விற்றுத் தங்கம் வாங்கலாம். முதல் 100 மரத்துக்கு 70 தங்கம் கிடைக்கும், 30 விழுக்காடு சந்தைக் கழிவு. ஒவ்வொரு முறை விற்கும்போதும் விலை இறங்கிக்கொண்டே போகும், கடைசியில் 100 மரத்துக்கு 14 தங்கம் என்று நிற்கும். எல்லோரும் ஒரே வாரத்தில் அறுத்துக் கொண்டுவந்து கொட்டினால் வியாபாரி என்ன விலை சொல்வார் என்பது டெல்டாவில் பிறந்தவர்களுக்குப் பாடமாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 14 தங்கக் கணக்கில் ஒரு கவண்பொறிக்கான தங்கத்துக்கு ஏறக்குறைய 1,430 மரம் விற்க வேண்டும். அந்த இரவு முழுவதும் நான் மரம் வெட்டி விற்றுக்கொண்டிருந்தேன். சலிப்பு பழையபடி வந்து உட்கார்ந்தது.

தொடர்வதா, திரும்பத் தொடங்குவதா? இந்த இரண்டுக்கும் இடையில்தான் நான் நீண்ட நேரம் நின்றேன், பலரும் இங்கேதான் நிற்பார்கள் என்று நினைக்கிறேன். ஒன்பது மணி நேரம் போட்ட ஆட்டத்தை விட மனம் வராது. போட்டுவிட்டோமே என்ற ஒரே காரணத்துக்காக இன்னும் போடுவோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்ந்த வயல்களில் தண்ணீர் கட்டி இளம்பயிர் மூழ்கிவிடும். வடிந்தபிறகு விவசாயிகள் கடைக்கு வந்து கேட்கும் கேள்வியும் இதுதான்: தேற்றுவதா, அழித்துவிட்டு மறு நடவா? நடவுக் கூலி கொடுத்தாயிற்று, அடியுரம் போட்டாயிற்று, விட மனம் வராது. அனுபவமுள்ளவர்கள் போட்ட பணத்தைப் பார்ப்பதில்லை. வயலில் இறங்கி, ஒரு குத்தைப் பிடுங்கி, சேற்றை அலசி வேரைப் பார்ப்பார்கள். பழைய வேர் பழுப்பாகத்தான் இருக்கும். அதன் நடுவில் புதிதாக வெள்ளை வேர் விட்டிருக்கிறதா? குருத்து பச்சையாக இருக்கிறதா? இருந்தால் யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து போட்டுத் தேற்றலாம். இல்லையென்றால் என்ன போட்டாலும் வீண்.

என் ஆட்டத்தை அப்படிப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்று கேள்விகள் கேட்டேன். அரை மணி நேரத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது தங்கம் வரும் வேகம் கூடியிருக்கிறதா? போன தாக்குதலைவிட இந்தத் தாக்குதல் உள்ளே அதிக தூரம் போனதா? எதிரி திரும்பக் கட்டும் வேகத்தைவிட நான் இடிக்கும் வேகம் கூடுதலா? இரண்டாவதற்கு மட்டும் ஆம். மற்ற இரண்டுக்கும் இல்லை. தங்கச் சுரங்கங்கள் தீர்ந்துவிட்டன. வரைபடத்தில் சிதறிக் கிடந்த நான்கு ரெலிக்குகள், அதாவது துறவியைக் கொண்டு எடுத்துவந்து மடத்தில் வைத்தால் தங்கம் சுரக்கும் புனிதப் பொருள்கள், நான்கையும் எதிரிகள் முதல் மணி நேரத்திலேயே எடுத்துப் போய்விட்டார்கள். ஒரு ரெலிக் விளையாட்டுக் கணக்கில் நொடிக்கு அரைத் தங்கம் தரும். நான்கு இருந்தால் நொடிக்கு 2. அப்படியானால் நூறு நொடியில் ஒரு கவண்பொறிக்கான தங்கம். நார்மல் வேகத்தில் அது நம் கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை. ஆட்டத்தின் முடிவு ஆறாவது இரவில் துறையில் எழுதப்படவில்லை. முதல் இரவில், துறவியின் மடம் கட்டாமல் மூன்றாவது படைக்கூடம் கட்டியபோதே எழுதப்பட்டுவிட்டது. வெள்ளை வேர் இல்லை.

ஏழாவது இரவு எதையும் ஆடவில்லை. இதையும் ஒரு வழியாகவே சேர்க்கிறேன். விலகியிருப்பது சலிப்பை ஆற்றும், ஆனால் இரண்டு வாரம் விலகினால் எந்தக் குழு எந்த எண், எந்தப் பக்கம் அடைத்தேன் என்பதெல்லாம் மறந்துபோய், திரும்பி வரும்போது வேறொருவர் வீட்டில் நுழைந்ததுபோல் இருக்கும். ஓரிரு நாள் போதும். எனக்கு அந்த ஒரு நாள் வேறு விதத்தில் பயன்பட்டது. கடையில் கூட்டம் இல்லாத மதிய வேளையில், கட்டத்தின் தொடக்கத்தில் வரும் நோக்கக் குறிப்பை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுத முயன்றேன். எழுத வரவில்லை. இரவு போய்த் திறந்து பார்த்தேன். நகரங்களை அழிக்க வேண்டும் என்று அதில் இல்லவே இல்லை. மூன்று நகரங்களின் கோட்டைகள் விழ வேண்டும், அவ்வளவுதான். நான் ஆறு இரவுகளாக வீடுகளையும் ஆலைகளையும் சந்தைகளையும் வரிசையாக இடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வேலையை, மற்ற எல்லா வழிகளுக்கும் முன்னால், எந்த விளையாட்டானாலும் செய்யுங்கள். நோக்கக் குறிப்பை மறுபடி படியுங்கள். கேட்கப்படாத வேலையைச் செய்துகொண்டு அலுத்துப்போகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

இப்போது மருமகன் சொன்ன சீட் கோடு. அவன் கட்சிக்கு வலு இருக்கிறது. தனியாக ஆடும் ஆட்டத்தில் எதிரே மனிதர் இல்லை, யாரையும் ஏமாற்றவில்லை. இந்த விளையாட்டில் அரட்டைப் பெட்டியில் தட்டினால் போதும். 'ராபின் ஹுட்' என்றால் 1,000 தங்கம். 'மார்கோ' என்றால் வரைபடம் முழுவதும் வெளிப்படும், 'போலோ' என்றால் எதிரியின் ஆட்களை மறைக்கும் மூட்டம் விலகும். 'ஐ ஆர் வின்னர்' என்றால் அந்த நொடியே வெற்றி. தொடரின் கதையைத் தெரிந்துகொள்ளத்தான் ஆடுகிறேன், இந்த ஒரு கட்டம் மறிக்கிறது என்பவர்கள் கடைசியைப் பயன்படுத்தி அடுத்த கட்டத்துக்குப் போவதில் பிழை ஏதும் எனக்குத் தெரியவில்லை. நேரம் அவர்களுடையது.

ஆனால் சீட் கோடுகள் எல்லாம் ஒரே வகை அல்ல என்று அவனிடம் சொன்னேன்.

"மாப்பிள்ளை, எதிரியின் கடைசிக் குடியானவன் எந்தக் காட்டு மூலையில் ஒளிந்திருக்கிறான் என்று அரை மணி நேரம் தேடுகிறேன் என்று வை. அங்கே மார்கோவும் போலோவும் அடிப்பேன். ஏனென்றால் தேடுவதில் நான் தீர்மானிக்க எதுவுமில்லை. நடை மட்டும்தான். தங்கக் கோடு அப்படியா? தங்கம் குறைவு என்பதுதானே இந்தக் கட்டம் எனக்குக் கொடுத்த கணக்கு. அதை அடித்தால் கணக்கே போய்விடுகிறதே?"

"ஆனால் மாமா, அந்தக் கணக்கில் நீங்கள் ஏற்கெனவே தோற்றுவிட்டீர்கள். மீதி நடப்பதும் நடைதானே?"

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி. ஆறாவது இரவின் ஆட்டத்தில் தங்கக் கோடு அடிப்பதும் மரம் வெட்டி விற்பதும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டிலும் முடிவெடுக்க எதுவும் இல்லை, முதலாவது சீக்கிரம் முடியும். அந்தப் பழைய ஆட்டத்தை எப்படியாவது முடித்தே ஆக வேண்டும் என்றிருந்தால் நான் சீட் கோடு அடிப்பதைத்தான் தேர்ந்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதை இந்த ஒப்பீட்டில் நான் கடைசி இடத்தில்தான் வைப்பேன். பொறுமை நல்ல குணம், மறுக்கவில்லை. வெள்ளை வேர் இருக்கிற பயிருக்குத்தான் அது.

ஆக என் முடிவுகள் இவை. இடித்ததெல்லாம் இடிந்தபடியே கிடக்கிறது, ஒவ்வொரு தாக்குதலும் முந்தியதைவிட உள்ளே போகிறது என்றால் தொடருங்கள், முறை வைத்துத் தொடருங்கள். சண்டை தீர்ந்து துடைப்பு மட்டும் மிச்சம் என்றால் வேகத்தைக் கூட்டுங்கள், மார்கோவும் போலோவும் அடியுங்கள், தயங்க வேண்டாம். திரும்பத் திரும்பத் தோற்றால் கடின நிலையைக் குறைத்துவிட்டு முதலிலிருந்து. தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை, வருமானமும் இறங்குகிறது என்றால், கடின நிலையைத் தொடாமல் முதலிலிருந்து. இந்தக் கடைசிதான் என்னுடையது. இதில் பலர் அஞ்சுவது மறுபடி அத்தனை மணி நேரம் ஆகுமே என்று. ஆகாது. முதல் முறை போன நேரத்தில் பெரும்பகுதி தெரியாமையால் போனது. எதிரி எங்கே, துறை எங்கே, தங்கம் எங்கே, முதல் தாக்குதல் எப்போது என்பதெல்லாம் இரண்டாம் முறை கையில் இருக்கிறது. பழைய சேமிப்பை அழிக்கவும் வேண்டாம், அது ஒரு மூலையில் இருக்கட்டும். இருக்கிறது என்ற தைரியமே புதிய ஆட்டத்தைத் தாராளமாக ஆட வைக்கும்.

எட்டாவது இரவு மழை. ஒன்பதரைக்குத் தொடங்கினேன். ஊர் வளர்ந்து கோட்டை யுகம் என்ற நிலை வந்ததும் மடம் கட்டி, இரண்டு துறவிகளைக் குதிரைக் காவலோடு அனுப்பினேன். மூன்று ரெலிக்குகள் கிடைத்தன, நான்காவது மேற்கு எதிரியிடம் போனது. 650 கல் சேர்ந்ததும் கிழக்குத் துறையின் என் கரையில் ஒரு கோட்டை எழுப்பினேன். பத்தே காலுக்கு மின்சாரம் போனது. மடிக்கணினியில் முக்கால் மணி நேரத்துக்கு மின்சேமிப்பு இருந்தது. இருட்டில் திரை வெளிச்சம் மட்டும். கொல்லையில் தவளைச் சத்தம். ஒரு ஆலையையும் வீட்டையும் தொடாமல், கோட்டைகளை மட்டும் குறிவைத்துப் போனேன். கிழக்கு நகரத்தின் இரண்டு கோட்டைகளும் விழுந்தபோது சேமித்துவிட்டு மூடினேன். மறுநாள் இரவு ஒரு மணி நேரத்துக்குள் மீதி இரண்டு நகரங்களின் கோட்டைகளும் விழுந்தன. மேற்கு நகரத்தில் வீடுகள் எல்லாம் அப்படியே நின்றன, எதிரிக் குடியானவர்கள் வயலில் வேலை செய்துகொண்டிருந்தார்கள், திரையில் வெற்றி என்று வந்தது.

மருமகனிடம் சொன்னேன். மொத்தம் எத்தனை நேரம் என்று கேட்டான். இரண்டு மணி இருபது நிமிடம் என்றேன். அவன் அதே கட்டத்தில் தங்கக் கோடு அடித்து முடித்தவனாம். பழைய ஆட்டத்தை எடுத்து ரெலிக்குகளோடு ஒருமுறை ஆடிப் பார்க்கிறேன் என்றான். அடுத்த கட்டத்துக்கான நோக்கக் குறிப்பை உர ரசீதின் பின்பக்கத்தில் எழுதி மடிக்கணினிக்குள் வைத்திருக்கிறேன். இரண்டாம் மேலுரம் தொடங்குவதற்குள் அதில் இறங்கிவிட வேண்டும்.